வில்லனுக்குப் பரிந்து பேசிய அம்மா

கல்லூரியில் திருத்திக்கொண்டிருந்த முப்பத்தெட்டாவது அசைன்மென்ட் தாளில் பூண்டு வாசனை அடித்தது. கேள்வி: விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களின் இரு வில்லன்களை ஒப்பிடுக.

தாம்பரத்து வீட்டில் அக்கா பூண்டு உரித்தபடியே இதே கேள்விக்கு கைடை மனப்பாடம் செய்வாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. குழம்பைக் கிளறிக்கொண்டே அம்மா அவளிடம் அந்த நாவல்களின் கதை கேட்பாள். சொத்துக்காகத் தீ வைத்தவனைத் திட்டுவாள். அவமானம் தாங்காமல் எஜமானை எதிர்த்தவனுக்கு மட்டும் பரிந்து பேசுவாள்.

"ஒருத்தராவது அவன்கிட்ட சாப்டியான்னு கேட்டாங்களாடி?"

அக்கா அதையே ஆங்கிலத்தில் பரீட்சையில் எழுதினாள். அந்தத் தாளில் பெயிலானாள். படித்தது போதுமென்று அப்பா கல்யாணம் செய்துவைத்தார்.

இந்த முப்பத்தெட்டாவது தாளை எழுதிய பெண்ணும் சொந்த வார்த்தைகளில் எஜமானை எதிர்த்தவனுக்காகத்தான் வாதாடியிருந்தாள். விடைக்குறிப்பில் அது இல்லை. எனக்கு அசதியாக இருந்தது. இருபதுக்கு ஆறு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.