ஹெக்ஸீன் பாட்டில்

நிமியாவும் ஸுல்மாவும் அசுன்சியோன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரே மேசை, விடுதியில் ஒரே அறை. தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரைக் குடிப்பதும் ஒரே குழலில்தான், மாற்றி மாற்றி. கடைசி வருஷம் வேதியியல் துறையில் ஓர் உதவி விரிவுரையாளர் இடம் காலியாக, இருவருமே மனுப் போட்டார்கள்.

அதற்கான செய்முறைத் தேர்வில் வந்தது ஹெக்ஸீன். அதன் இரட்டைப் பிணைப்பைத் திறந்து ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்க்க வேண்டும். ஹைட்ரஜன் முனைக் கார்பனுக்குப் போகும். புரோமின் அதற்கடுத்த கார்பனில் உட்காரும். ஆனால் ஹெக்ஸீன் காற்றுப்பட்டுப் பழசாகியிருந்தால் பெராக்சைடு ஊறி, இரண்டும் இடம் மாறிவிடும்.

பெராக்சைடு இருந்தால் நீலமாகும் சோதனைத் தாளை எடுக்கப் போனாள் நிமியா.

"விடுடி. உன் பாட்டிலையும் சேர்த்து நானே பார்த்துட்டேன். தாள் நிறம் மாறவே இல்ல. நீ வேலையை ஆரம்பி," என்றாள் ஸுல்மா.

நிமியா ஆரம்பித்தாள். வடிக்கும்போது வெப்பமானி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே போனது. பேராசிரியர் இதுர்பே உதட்டைப் பிதுக்கினார்.

"புரோமின் தப்பான இடத்துல உட்கார்ந்திருக்கே. பாட்டிலைச் சோதிச்சியாம்மா?"

ஸுல்மா திரும்பாமல் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்," என்றாள் நிமியா.

அறைக்கு வந்ததும் கேட்டாள்: "பார்த்துட்டேன்னு சொன்னியேடி?"

"பார்த்தேன். நீலமாச்சு." ஸுல்மா தலைமுடியைச் சீவுவதை நிறுத்தவில்லை. "உங்கப்பாவுக்கு பஸ்ஸாவது இருக்கு. இந்த வேலை இல்லேன்னா நான் சந்தையில சிப்பா ரொட்டி விக்கத்தான் போகணும்."

நிமியா மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். வேலை ஸுல்மாவுக்குப் போனதைவிட, அந்த 'விடுடி'தான் அவளைப் பல நாள் அறுத்தது.

அப்புறம் என்கர்னசியோன் நகரக் குடிநீர் ஆய்வகத்தில் சேர்ந்தாள். கல்யாணம், பிள்ளைகள் என்று வருஷங்கள் ஓடின. யாரிடமும் அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. அங்கே புதிதாக வேலைக்கு வந்த ரோமினா ஒருநாள் சாப்பிடும்போது சிரித்தாள்.

"அசுன்சியோன்ல எங்க ஸுல்மா மேடம் ஆல்கீன் பாடத்துல வருஷா வருஷம் ஒரு கதை சொல்வாங்க. அவங்க ஃப்ரெண்டு ஒருத்தி பாட்டிலைச் சோதிக்காம விட்டு, கிடைக்க வேண்டிய வேலையைக் கோட்டை விட்டாளாம். 'நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கல'ன்னு மேடம் கையை விரிப்பாங்க பாருங்க, வகுப்பே சிரிக்கும்!"

நிமியாவின் கை தட்டிலேயே நின்றது.

"அந்த ஃப்ரெண்டு நான்தான் ரோமினா," என்றாள். "நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கோ. அவ சொல்லாம விட்டதையும் கேளு."