பாக்குமட்டை வாய்க்கால்

அந்தமானில், கராச்சர்மாவில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள்தான் வரும். மழை மட்டும் வஞ்சனையில்லாமல் கொட்டும். கூரையிலிருந்து ஒழுகுவதை வாளியில் பிடித்துப் பொதுத் தொட்டிக்குச் சுமப்பது பிள்ளைகளின் வேலை. அப்படிச் சுமந்து சலித்துப்போய்த்தான் நானும் என் தம்பியும், பக்கத்து வங்காளி வீட்டு அக்காளும், கடைசி வீட்டுத் தெலுங்குப் பையனும் சேர்ந்து வாய்க்கால் கட்டினோம்.

கட்டினோம் என்று சொல்கிறேனே தவிர, அது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. அக்காள் ஒரு பாக்குமட்டையைப் பொறுக்கி வந்தாள். தம்பி அதில் உட்கார்ந்து இழுக்கச் சொல்ல, மட்டை குழிந்துவிட்டது. குழியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துத் தெலுங்குப் பையன் இன்னொரு மட்டையைச் செருகினான். "ஐஸா கரோ, ஐஸா!" இப்படிச் செய், இப்படி என்று அவன் கத்த, நான் ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்தேன். எங்கள் அரைகுறை இந்தியில் ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் கை முடித்து வைத்தது.

வாசல் மாமரத்தில் முசுறு எறும்புகளும் இப்படித்தான் கூடு கட்டும். சில இலைகளை இழுத்துப் பிடிக்கும். சில வெள்ளைப் புழுவான தம் குஞ்சுகளைக் கவ்வி வந்து அவற்றின் நூலால் தைக்கும். கடி வாங்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்போம்.

"இதுல மேஸ்திரி யாரு, அக்கா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே தம்பி தேடுவான். ஒருநாளும் அகப்பட்டதில்லை.

விஷயம் பள்ளிவரை போய், டீச்சர் பார்க்க வந்தார். நல்ல மழை. கூரைத் தண்ணீர் சமர்த்தாகத் தொட்டியில் போய் விழுந்ததைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டார். தேர்வாகும் ஒரு பிள்ளையைக் கப்பலில் மெயின்லேண்டில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு அனுப்புவார்களாம்.

"யே கிஸ்கா ஐடியா ஹை?" இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

நான் கப்பலே ஏறியதில்லை. கை தானாக மேலே போய்விட்டது. மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

அப்பா தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அம்மா மட்டும், "கூசாம கையத் தூக்கிட்டு வந்திருக்கியே, நீ ஒருத்தியா கட்டுன?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் பள்ளி மைதானத்தில், பெரியவர்கள் முன்னால் தனியாகக் கட்டிக் காட்டச் சொன்னார்கள். எனக்குக் கயிறு கட்டத்தான் தெரிந்தது. எந்த மட்டை எதற்குள் போகும், சந்தில் எதை அடைப்பது, ஒன்றும் ஓடவில்லை. ஊற்றிய தண்ணீர் ஒவ்வொரு இணைப்பிலும் ஒழுகி என் காலை நனைத்தது. கப்பலேறியது என் மானம்தான்.

வீட்டு வாய்க்காலும் அந்த மாதமே காற்றில் பிய்ந்து விழுந்தது. மறுபடி கட்ட யாரும் வரவில்லை. சண்டையும் போடவில்லை, அவரவர் வாளியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்காள் வீட்டார் மாற்றலாகி வடக்கே டிக்லிபூர் போன அன்று, பஸ் வரை போகக்கூட எனக்கு முகமில்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு கூசுகிறது.

அன்று அவர்கள் கை தூக்காததை, யோசனை என்னுடையதுதான் என்று அவர்களே விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டேன். டீச்சரின் கேள்விக்கு அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தே சரியான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.