ஆண்டுப் பூசை முடிந்த வீடு

மாரிகாலத்தில் மனதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தவள் நான். அதை நினைக்கும்போதெல்லாம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிவதில்லை.

எங்கள் கரையில் கார்த்திகை பிறந்தால் கடல் அடிக்கத் தொடங்கும். வள்ளங்களை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு ஆண்கள் வீட்டுக்குள் குந்திக்கொண்டிருப்பார்கள். விடாத மழை, தொழில் இல்லை. அதற்குள் யேசு பிறந்த நத்தாரும் புதுவருடமும் வந்து நிற்கும். பண்டிகை என்றால்தான் செத்தவர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வருவார்கள். அதனால் அந்த நாட்களில் வீடு வீடாகப் போய் ஆட்களின் மனநிலையை விசாரிக்க ஆஸ்பத்திரியால் தொண்டர்களைச் சேர்த்திருந்தார்கள். நானும் ஒருத்தி. கையில் ஒன்பது கேள்விகள் உள்ள படிவம். நித்திரை குழம்புகிறதா, சாப்பாட்டில் மனமில்லையா, இப்படி. "ஓம்" என்ற பதில்கள் கூடினால் அடுத்த கிழமையே தாதி ஒருவர் அந்த வீட்டுக்கு வருவார். அவரை நாங்கள் மிஸ்ஸி என்போம்.

நான் உள்ளே போகாமல், குடையைப் பிடித்துக்கொண்டு வேலிப் படலையில் நின்றபடியே "மனசைத் திறந்து கதையுங்கோ" என்பேன். என்ன கூத்து!

பக்கத்து வளவில் என் கணவரின் தங்கை இருக்கிறாள். எனக்கு மச்சாள் முறை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்ததால் எங்களுக்குள் நீ, வா, போதான். அவளுடைய கணவர் இரண்டு வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், வலை திருத்திக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். பிள்ளைகள் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். செத்தவீடு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நத்தார் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். அயலவர்கள்தான் பலகாரத் தட்டம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முதல் நத்தாருக்கு அவள் வீட்டு மேசை கொள்ளாத தட்டங்கள். நானும் துணைக்குப் போய்ப் படுத்தேன். வருடம் நிறைந்து, செத்தவருக்கான ஆண்டுப் பூசை முடிந்தால் முறை மாறிவிடும். பிறகு அவள்தான் சுட வேண்டும், அவள்தான் முதலில் கொடுக்க வேண்டும். துக்கத்தைச் சுவாமியார் பூசையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பதுபோல நாங்கள் நடந்துகொள்வோம்.

போன நத்தாருக்கு நாலு நாள் இருக்க, படிவங்களை வருட முடிவுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவள் வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டில் பலகாரத்துக்கு மா குழைத்தது பாதியில் நின்றது. அவள் வாசலில் நட்சத்திரம் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி இது? ஆண்டுப் பூசை முடிஞ்சு ரண்டு மாசமாச்சு. சனம் என்ன கதைக்கும்? எத்தினை நாளைக்கு மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கப் போறாய்?"

கதிரையில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "கட்டுறன்" என்றாள்.

"சாப்பிட்டியே?"

"ஓம்."

குசினிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அடுப்பில் பூனை படுத்திருந்தது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னாலேயே படிவத்தை மடியில் வைத்து, ஒரு கேள்வியும் கேட்காமல், ஒன்பது "இல்லை"யிலும் கோடு போட்டேன். அவசரம் மட்டும் காரணமில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்கு மனநோய் என்று மிஸ்ஸி படலைக்கு வந்தால் ஊர் சிரிக்குமே என்றும் யோசித்தேன். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் அவள் வாசலில் நட்சத்திரம் தொங்கியது. என் கணவரிடம் பெருமை பேசினேன். "பாத்தியளே, உங்கட தங்கச்சிக்கு ரண்டு ஏச்சு விழுந்தாத்தான் வேலை நடக்கும்."

நத்தாருக்கு அவளிடமிருந்து தட்டம் வரவில்லை. அவள் தராமல் நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று வீம்பு. ஊரும் அப்படியே இருந்துவிட்டது. புதுவருடப் பூசைக்கும் அவள் வரவில்லை. கோயில் வாசலில் நான் எல்லாருக்கும் கை கொடுத்து, "இந்த வருசம் மனசைச் சந்தோஷமா வைச்சிருங்கோ" என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் திகதி காலையில் அவள் கிணற்றடியில் விழுந்து கிடந்தாள். என் கணவர்தான் கண்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். தூக்கும்போது அவளில் பாரமே இல்லை. கிழமைக்கணக்காக வெறும் தேத்தண்ணியில் இருந்திருக்கிறாள், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார் டொக்டர்.

"பக்கத்தில சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?" என்றும் கேட்டார்.

அடுத்த நாள் மிஸ்ஸி வாட்டுக்கு வந்து புதுப் படிவம் ஒன்றை என் கையில் தந்தார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீங்கள் தெரிஞ்ச ஆள்தானே, ஆறுதலாக் கேட்டு நிரப்பித் தாங்கோ" என்றார். அவர் ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது.

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். மச்சாளின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. படிவத்தை மடியில் விரித்தேன். அவள் படிவத்தைக் கண்டுவிட்டு, கிட்ட வரும்படி கண்ணால் கூப்பிட்டாள்.

"முதல் எழுதினதையே எழுதன். மாத்தி எழுதினால் உனக்கெல்லோ பேச்சு விழும்."

நான் கேட்காமல் கோடு போட்டதை அன்றைக்கே பார்த்திருக்கிறாள். பார்த்தும் வாய் திறக்கவில்லை. என் ஏச்சுக்குப் பயந்து, வெறும் வயிற்றோடு மழைக்குள் நட்சத்திரம் கட்டியவள், சாகக் கிடந்த கட்டிலிலும் எனக்குப் பேச்சு விழக்கூடாது என்று பார்க்கிறாள். சீ, நானும் ஒரு மனுசியா? வாட்டில் இருந்த சனமெல்லாம் பார்க்க ஓவென்று அழுதேன்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முதல் கேள்வியைக் கேட்டேன். "கடைசி ரண்டு கிழமையா ஒண்டிலயும் விருப்பமில்லாமல் இருந்ததோ?"

"ரண்டு கிழமையோ?" என்றாள். "அவர் போன நாளில இருந்தடி."

"ஓம்" என்பதில் கோடு போட்டுவிட்டுப் பேனையை மூடி வைத்தேன். அவள் கதைக்கத் தொடங்கினாள். இரண்டாவது கேள்விக்கு நாங்கள் போகப் பின்னேரமாகிவிட்டது.