பூர்கிக்குப் பயமான கணவாய்

மலைவிடுதி நடத்துகிறவளுக்கு உயரம் என்றாலே பயம். விருந்தாளிகள் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவள் பெயர் நோட்பூர்கா. நாங்கள் கூப்பிடுவது பூர்கி. கம்ஸ்போடன் விடுதிச் சமையலறையில் நான் அவளோடு பல கோடைகள் உருளைக்கிழங்கு உரித்திருக்கிறேன். அவள் நாற்காலி மேல் ஏறி பல்பு மாற்றி ஒரு நாளும் பார்த்ததில்லை.

கீழே ஊரில் ரொட்டிக்கடைக்காரரின் மகள் அவள். அவளைக் கல்யாணத்துக்குக் கேட்க வந்தவன் காசியன், மலையேற்ற வழிகாட்டி, கம்ஸ்போடன் விடுதிக்குச் சொந்தக்காரன். சிகரத்தின் உச்சியில் நட்டிருக்கும் சிலுவைக்குக் கீழே நின்று கேட்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை. பாதி வழி நன்றாகத்தான் போயிற்று. முகடு கத்தி போலக் குறுகிய இடத்தில் பூர்கி இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்தான், பூர்கி. சிலுவை அதோ தெரியுது."

"என்ன கேக்கணுமோ இங்கயே கேளு. நான் மேல வரல."

அவன் கேட்டான்.

"சரி, கட்டிக்கறேன். இப்ப என்னைக் கீழ இறக்கு."

காசியனின் அண்ணன் செராஃபின், எங்கள் விடுதிக்கு மேலே உள்ள கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதியை நடத்துகிறவன். தம்பி கல்யாணத்தில் பீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, "நீச்சல் தெரியாதவளுக்குப் படகுத்துறையை எழுதி வச்சிருக்கான் என் தம்பி" என்றான். மண்டபமே சிரித்தது. பூர்கியும் சிரித்தாள்.

விடுதிக்கு வந்த பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பனி உருகியதும், விருந்தாளிகள் வருமுன், காசியனைப் பின்னால் வரச்சொல்லி எங்கள் பக்கத்து எல்லாப் பாதைகளிலும் ஒருமுறை நடப்பாள். முழங்கால் நடுங்கிய இடங்களை மனதில் வைத்துக்கொள்வாள். மாலையில் விருந்தாளிகள் சூப்பு குடித்துக்கொண்டே வரைபடத்தை விரித்து, "நாளைக்கு எந்த வழியா போலாம்?" என்று கேட்பார்கள். அவள் வரைபடத்தைப் பார்க்கமாட்டாள். "உனக்கு எதைக் கண்டா பயம்?" என்று திருப்பிக் கேட்பாள். எங்கள் மலையில் யாருக்கும் 'நீங்கள்' கிடையாது. மருத்துவரானாலும் மந்திரியானாலும் 'நீ'தான்.

இடிக்குப் பயம் என்பவர்களை விடியுமுன் எழுப்பிவிடுவாள். எங்கள் பக்கம் மத்தியானத்துக்குமேல் மேகம் திரளும். இறக்கத்துக்குப் பயம் என்பவர்களை ஏற்றம் செங்குத்தாகவும் இறக்கம் சாய்வாகவும் உள்ள வழியில் அனுப்புவாள். எதற்கும் பயமில்லை என்று மார்தட்டுகிறவர்களை ஏரிவரை போய்விட்டு வரச்சொல்வாள். "அது குழந்தைங்க போற வழியாச்சே" என்பார்கள். "ஆமா, அழகா இருக்கும்" என்பாள்.

அந்த வருஷம் வெயில் மே மாதத்திலேயே சுட்டது. கணவாயின் அடியில் இருந்த பனியாறு வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதுவரை பனி பிடித்து நிறுத்தியிருந்த பாறைச் சுவர் இப்போது மொட்டையாக நின்றது. ஜூனில் பாதை பார்க்கப் போன பூர்கி, சுவரின் அடியில் நெடுநேரம் நின்றிருந்துவிட்டுத் திரும்பிவிட்டாள். பயம் வழக்கமாகக் காலில் வரும், இந்தத் தடவை முதுகில் வந்தது என்று என்னிடம் சொன்னாள். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து கணவாய் வழியாகப் போகலாமா என்று கேட்டவர்களிடமெல்லாம் வேண்டாம் என்றாள். புல்தோள் என்று நாங்கள் சொல்லும் புல் மூடிய மலைத்தோள் வழியாகச் சுற்றிக்கொண்டு நேரே பள்ளத்தாக்கில் இறங்கச் சொன்னாள். அதனால் செராஃபினின் விடுதிக்கு ஆள் வரத்து நின்றது. அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"என்ன பூர்கி, கணவாய்க்குக் கேட் போட்டுட்டியா? இங்க எனக்கும் பன்னிக்கும் மட்டும்தான் சமைக்கறேன்."

"கேட்டெல்லாம் போடல. கேக்கறவங்ககிட்ட எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

"உனக்கு மாடிப்படியே பயம். அதுக்காக ஊர்ல எல்லாரும் தரையில படுக்கணுமா?"

"படுக்க வேண்டாம். சுத்திப் போகட்டும்."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

காசியன் நடுவில் மாட்டிக்கொண்டான். கணவாயில் பிறந்து வளர்ந்தவன் போல அவன். காலைக் குளிரில், கல் பனியில் இறுகி உறைந்திருக்கும்போதே தாண்டிவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது அவன் கணக்கு. சில தடவை தாண்டியும் வந்தான். ஜூலை போயிற்று, ஆகஸ்டும் பாதி போயிற்று, சுவரிலிருந்து ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. சரக்குக் கம்பிவண்டியில் கீழேயிருந்து மாவு மூட்டை ஏற்றிவிடும் ஆள்கூடச் சீட்டில் 'மலை இன்னும் நிக்குது' என்று எழுதி அனுப்பினான். பூர்கி அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள். "நான்தான் தப்பா நினைச்சுட்டேனோ?" என்று ஒரு மத்தியானம் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் லின்ஸ் நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நல்ல நடைக்காரர்கள், பனியிலும் பாறையிலும் பழகியவர்கள். கணவாயைத் தாண்டி செராஃபினிடம் தங்கவேண்டும் என்று முன்பே பேசி, காசியனை வழிகாட்டியாக அமர்த்தியிருந்தார்கள். காலையில் அவன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டபோது பூர்கி வாசலில் நின்றாள்.

"போகாதேன்னு சொல்லேன்" என்றான் அவன்.

"உன் வழியை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன், காசியன். என் வழி உனக்குத் தெரியும்."

அவர்கள் போனார்கள். நாங்கள் வேலையைப் பார்த்தோம்.

வெயில் நன்றாக ஏறி, நான் பிளம்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி உருண்டு அடங்கவில்லை. லாரி லாரியாகக் கல் கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னலில் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தோம். கணவாயின் மேல் பழுப்பு நிறத்தில் தூசி எழுந்து வெயிலை மறைத்தது.

பூர்கி அழவில்லை. உள்ளே போய் செராஃபினைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வந்துட்டாங்களா?"

"இல்ல." அவன் குரல் அவன் குரல் போலவே இல்லை. "இந்நேரம் வந்திருக்கணும், பூர்கி."

மீட்புக் குழுவுக்குச் சொன்னோம். ஹெலிகாப்டர் வந்து சுற்றியது, தூசியில் எதுவும் தெரியவில்லை என்றார்கள். பூர்கி நடைக்காலணியை மாட்டி, காசியனின் பழைய மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கணவாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடினேன். தடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஏரிக்குத் திரும்பும் இடத்தில் அவர்களைப் பார்த்தோம். மூன்று பேரும் ஏரிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள், அந்தப் பெண் கையில் காலணியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு. தண்ணீரில் காலை நனைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். பூர்கி நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போனே நீ?" என்று கேட்டாள்.

"சுவருக்கு அடியிலேயே திரும்பிட்டோம்." காசியன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அங்க நின்னு இவங்களைக் கேட்டேன், உன்னை மாதிரியே. பயமா இருக்கான்னு. இவர் இல்லைன்னார். இந்தம்மாவும் இல்லைன்னாங்க. மூணாவது ஆளையும் கேட்டேன். அவன் ஆமான்னான்."

"மூணாவது ஆளு யாரு?"

"நான்தான்."

அவள் அவன் முழங்காலில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். லின்ஸ்காரர், கொஞ்ச தூரம் தள்ளி மலையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. ஏரிக்கரையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது கேட்டதாம்.

நான் விடுதிக்கு ஓடி செராஃபினுக்குச் செய்தி சொன்னேன். பின்னால் பன்றி உறுமுவது மட்டும் கேட்டது. "கேக்குதா?" என்றேன். "கேக்குது, கேக்குது. நிப்பாட்டாம இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

கேட்டதோடு அவன் மனம் ஆறவில்லை போலிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் புல்தோளின் மேலாகப் பாதையே இல்லாத சரிவில் ஏறி இறங்கி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான். சட்டை முழுக்க வியர்வை, முழங்கையில் சிராய்ப்பு. தம்பியின் தோளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் உட்கார்ந்தான். பூர்கி கைசர்ஷ்மாரனை வாணலியோடு கொண்டுவந்து வைத்தாள். பிய்த்துப்போட்ட இனிப்பு அடை, பிளம்ஸ் கூழோடு. பாதி வாணலியை அவனே காலி பண்ணினான்.

"நான் வந்த வழி மோசமில்ல" என்றான் கடைசியில். "ரெண்டு எடத்துல பிடிச்சுக்கக் கம்பிவடம் போட்டா போதும். உன் விருந்தாளிங்க என் பக்கம் அப்படி வரலாம்."

"நான் நடந்து பாக்காம யாரையும் அனுப்பமாட்டேன்."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

செப்டம்பரில் அண்ணனும் தம்பியும் வடம் அடித்தார்கள், வழி தெரியப் பாறைகளில் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டினார்கள். முடிந்ததும் பூர்கி நடந்து பார்த்தாள், நானும் போனேன். செராஃபின் முன்னால், காசியன் பின்னால். தோளின் உச்சியில் பாதை குறுகி, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்த இடத்தில் அவள் நின்றாள். செராஃபின் திரும்பிப் பார்க்காமலே பேச ஆரம்பித்தான். அவன் பன்றி தபால்காரரின் தொப்பியைத் தின்ற கதை. எங்கிருந்து பிடித்தது, தபால்காரர் என்ன சொல்லித் திட்டினார், பாதிரியார் எப்படி நடுவில் வந்தார் என்று இழுத்துக்கொண்டே போனான். பூர்கி வடத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டபடியே நடந்தாள். கதை முடிவதற்குள் குறுகிய இடம் முடிந்துவிட்டது.

"இந்தப் பக்கம் யாரை அனுப்புவே?" என்று காசியன் பின்னாலிருந்து கேட்டான்.

"நெறைய பேரை" என்றாள்.

செராஃபினின் விடுதிக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் நடந்தே வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் எங்களுக்கு ரொட்டி உருண்டை போட்ட சூப்பு கொடுத்தான், உப்பு தூக்கல். பூர்கி இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்தாள். பிறகு அடுப்போரத்துப் பெஞ்சில் காலணியைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கிப்போனாள். வெளியே விருந்தாளிகள் வரும் சத்தம் கேட்டதும் செராஃபின் எழுந்துபோய், உள்ளே சத்தம் போடவேண்டாம் என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்தினான்.