சொங்ஸ்வன் காட்டில் ஒரு கிரீட் ஒத்திகை

ஜூன் மாதத்து ஞாயிறு, காலை பத்தரை மணி. ஒஸ்லோவின் ஐந்தாம் இலக்க மெட்ரோ ஓடி முடிகிற இடம் சொங்ஸ்வன். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஏரி, ஏரிக்குப் பின்னால் காடு. நானும் என் கணவரின் தங்கை சுகந்தியும் ஆளுக்கொரு மலைச் சைக்கிளோடு அங்கே இறங்கினோம். காட்டுக்குள் முப்பத்தாறு கிலோமீட்டர் சுற்றி அதே இடத்துக்குத் திரும்புவது திட்டம். ஆனால் எங்கள் கணக்கில் அன்று நாங்கள் நோர்வேயில் இல்லை. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இருந்தோம்.

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ஒக்டோபரில் கிரீட்டுக்குப் போய், ரெதிம்னோ நகருக்குத் தெற்கே ஒலிவ் தோப்புகள் நிறைந்த குன்றுகளில் சைக்கிள் ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை. குளிர்காலம் முழுக்க ஒஸ்லோ ஸ்டொவ்னரில் எங்கள் வீட்டுக் கணினிக்கு முன்னால் குந்தி, வரைபடத்தில் அந்தக் குன்றுகளைச் சுற்றி ஒரு பாதை கீறினேன். ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் அறுநூறு மீட்டர் வரும். ஐம்பதைத் தாண்டிய கால்களுக்கு அது நடுத்தரம் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

முப்பது வருடமாக நானும் பறந்து திரிந்தவள்தான். லண்டன், பாரிஸ், டொரொன்டோ. எல்லாம் கலியாண வீடு அல்லது செத்த வீடு. விமான நிலையத்து வாசலில் ஒரு சொந்தக்காரர் கார்த் திறப்போடு நிற்பார். அவர் வீட்டு சோபாவில் படுத்தெழும்பித் திரும்பி வருவேன். அந்த நகரங்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவை சோபாக்கள்தான். ஒருமுறையாவது சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தனியே போக எனக்குத் துணிவில்லை. சுகந்தி வந்தால் பயணம், வராவிட்டால் வரைபடத்தோடு சரி.

சுகந்தி இப்போது ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறாள். கலியாணம் முடித்து வந்தது நோர்வேயின் வடகோடிக்கு, பாட்ஸ்பியோர்டுக்கு. அங்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்று வேலை செய்தவள். உடம்பில் வலு உண்டு. ஆனால் வரைபடத்தை நீட்டும் போதெல்லாம் அவளிடம் ஒரே கேள்விதான்.

"அங்கை ஆர் இருக்கினம், மச்சாள்?"

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தானே போறம்."

"அப்ப ஏதும் எண்டா ஆர் வருவினம்?"

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். அதே அளவு தூரம், அதே அளவு ஏற்றம், ஒஸ்லோ காட்டிலேயே ஓடிப் பார்ப்பது. அன்று மாலையே அவள் ஓம் அல்லது இல்லை சொல்லிவிட வேண்டும். என் கணவர் பின்னேரம் ஐந்து மணிக்குக் காரோடு சொங்ஸ்வனில் நிற்பதாகச் சொன்னார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒத்திகை என்றால் முழு ஒத்திகையாக இருக்க வேண்டும் என்று சட்டங்களும் போட்டேன். ஓடைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஏனென்றால் ஒக்டோபரில் அங்கே ஓடைகள் வறண்டு கிடக்கலாம். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கடைகள் பூட்டு, ஏனென்றால் அங்கத்தைய கிராமங்களில் அது உறங்கும் நேரம்.

முதல் ஆறு கிலோமீட்டரும் ஏற்றம். சரளைக்கல் பாதை, இரு பக்கமும் தேவதாரு மரங்கள், அவற்றின் அடியில் புளூபெரிச் செடிகள். பதினொன்றே முக்காலுக்கு உல்லெவோல்சேத்தரில் உள்ள தங்குமடத்தை அடைந்தோம். இரண்டு கோப்பிக்கும் ஒரு கறுவா பன்னுக்கும் நூற்றிருபது குரோனர் கொடுத்தேன். அதை முதலாவது கிரேக்கக் கிராமம் என்று அறிவித்தேன். சுகந்தி அங்கே கட்டியிருந்த நாய்க்குக்கூட கிரேக்க மொழியில் கலிமேரா என்று காலை வணக்கம் சொன்னாள்.

இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் கிக்குட். ஏரிக்கரையில் இன்னொரு தங்குமடம். கதவு விரியத் திறந்து கிடந்தது. வாஃபிள் மணம் பாதை வரை வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"ஒண்டை வாங்கிப் பாதி பாதி சாப்பிடுவமே?" என்றேன்.

"கடை பூட்டு, மச்சாள். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

வெளியே வாங்குப் பலகையில் இருந்த நோர்வேஜிய முதியவர் ஒருவர், வாஃபிள் நன்றாக இருக்கிறது, நீங்கள் சாப்பிடவில்லையா என்று அன்பாகக் கேட்டார். இப்போது கடை பூட்டியிருக்கிறது என்று சுகந்தி அவருடைய மொழியிலேயே பதில் சொன்னாள். அவர் திறந்த கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு தன் தட்டைக் கொஞ்சம் அருகே இழுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் கொண்டுவந்த பாணையும் சீஸையும் தின்றோம். சட்டம் போட்டவளை மனதுக்குள் நல்லாய்த் திட்டினேன்.

பியோர்ன்ஹோல்ட் வழியாக ஹம்மெரன் வரை பெரும்பாலும் இறக்கம். காற்று முகத்தில் அடிக்க, நான் இருபது வயதுக்காரி போலப் பறந்தேன். அங்கிருந்து ஒஸ்லோ மக்கள் குடிக்கும் தண்ணீரைத் தரும் மாரிடால் ஏரியின் கரையோரம் வந்தோம். சொங்ஸ்வனுக்குத் திரும்ப இன்னும் ஓர் ஏற்றம்தான் பாக்கி. வரைபடத்தில் அது என் சின்ன விரலளவு. நேரில் என் கால்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இறங்கிச் சைக்கிளைத் தள்ளினேன். இவ்வளவு நேரமும் சுகந்தி தாங்குவாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தவள் நான். அவளோ மேலே ஏறி நின்று, மூச்சுக்கூட வாங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சைக்கிளோடு இறங்கி வந்து என் பையை வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கார் வரும் என்ற ஒன்றுதான் என்னை நகர்த்தியது.

அப்போது அவளுடைய போன் அடித்தது. என் கணவர். ஒலியைக் கூட்டிவிட்டு, போனைக் கைப்பிடியில் கொளுவினாள்.

"வெளிக்கிடப் போறன். எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

"வரவேண்டாம், அண்ணை. நாங்கள் மெட்ரோவிலை வாறம்."

அப்படிச் சொல்லாதே என்று நான் கையால் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏன்? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. கிரீட்டிலை நீங்கள் வந்து ஏத்தமாட்டியள்தானே."

"விசர்க் கதை கதையாதை. அங்கை உனக்கு ஆர் இருக்கினம்?"

சுகந்தி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். முழங்கால் வரை சேறு, கோணிப்போன ஹெல்மெட், சைக்கிளில் பாதி சாய்ந்தபடி நான்.

"மச்சாள் இருக்கிறா," என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதில் கொஞ்சம் காருக்காகவும்தான். அவள் போனை வைத்துவிட்டு, ஒரு கையால் தன் சைக்கிளை உருட்டி, மறு கையால் என் சைக்கிளின் இருக்கையைப் பிடித்துத் தள்ளினாள். ஐந்தரை மணிக்குச் சொங்ஸ்வன் வந்து சேர்ந்தோம். நிலையத்தில் எங்களுக்காக ஒருவரும் நிற்கவில்லை. அது நன்றாகத்தான் இருந்தது.