இரண்டு விரல் இடைவெளி

போன சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், மேல்பக்கம் அறுத்த ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

கழுத்துவரை தண்ணீர். தண்ணீரில் மீன் சந்தையிலிருந்து ஆட்டோவில் வந்த ஒரு முழு ஐஸ் பார், நாலாக உடைத்துப் போட்டது. உடம்பில் கழுத்து முதல் கணுக்கால்வரை கறுப்பு ரப்பர் உடுப்பு. பக்கத்தில் குடை பிடித்தபடி என் மாமியார். ஆறு வயது மகள் ஜெனி செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

“என்ன மாமி, மருமகள கெட்டுப்போவாம வச்சிருக்கியளா?”

“ஆமா. கிறிஸ்மசுக்கு எடுக்கணும்லா” என்றார் என் மாமியார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். குக்கர் விசிலை எண்ணும்போதே, எண்ணியது சரியா என்று சந்தேகப்படுகிறவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள். அப்படிப்பட்ட நான் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்தது எதற்கு?

கைட்போர்டிங்.

சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. காலில் ஒரு பலகை. இடுப்பில் ஒரு பட்டை. அந்தப் பட்டையிலிருந்து கயிறுகள் மேலே போய் ஒரு பெரிய பட்டத்தில் முடியும். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் நம்மை இழுக்கும், நாம் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போவோம். விழுந்தால்? விழாமல் யாரும் கற்றதில்லையாம்.

என் கணவர் அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் ஓர் ஊரில் நர்ஸ். இரண்டு வருடமாக அங்கே இருக்கிறார். முதல் வருடம் முழுக்க அழாத குறையாகப் போனில் பேசியவர், இரண்டாவது வருடம் இந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டார். குரலே மாறிவிட்டது. காலாண்டு லீவுக்கு நானும் ஜெனியும் இரண்டு வாரம் அங்கே போகிறோம். “மூணு நாள் கிளாஸ் இருக்கு. உன் பேரக் கொடுக்கட்டா?” என்று கேட்டிருந்தார். வழக்கம்போல, “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று இழுத்துக்கொண்டே இருந்தேன் — ஒரு ஞாயிற்றுக்கிழமை சொத்தவிளை கடற்கரைக்குப் போகும்வரை.

குடும்பமாகக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். காரை விட்டு இறங்கியதும் ஒரு பெண் தானாகவே மணலில் உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்களின் செருப்பு, பை, கைக்கடிகாரம் எல்லாம் அவளைச் சுற்றிக் குவியும். யாரும் அவளை உட்காரச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது நான்.

சுனாமி வந்தபோது நான் நாலாம் வகுப்பு. எங்கள் ஊர் பூதப்பாண்டிப் பக்கம், வயலும் குளமும்தான். கடல் எங்களைத் தொடவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல் என்பது தூரத்திலிருந்து பார்க்கிற ஒரு பொருளாகிவிட்டது. முழங்காலுக்கு மேல் நான் நனைந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனி தன் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தாள். கூட வந்திருந்த தோழியிடம் சாதாரணமாகச் சொன்னாள்: “உன்னதையும் இங்க வை. எங்கம்மா செருப்பு பாத்துக்கிடுவா. அம்மா கடலுக்கு வரமாட்டா.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. எங்கள் அம்மா கண்ணாடி போடுவாள் என்று சொல்வதுபோல ஒரு தகவல், அவ்வளவுதான். அதனால்தான் சுருக்கென்றது.

அன்று மாலையே, “பேரக் கொடுங்க” என்று கணவருக்கு மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் நாகர்கோவிலில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதம் ஆகிறது. இப்போது குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நிற்காமல் போவேன். திரும்பி வருவதற்குக் கொஞ்சம் யோசிப்பேன்.

மிச்சமிருந்தது உடுப்பு.

அந்த ஊர்க் கடலில் செப்டம்பரில் தண்ணீர் பதினாலு, பதினைந்து டிகிரிதான். சும்மா இறங்கினால் விரல் விறைக்கும். விறைத்த விரலால் பட்டத்தைப் பிடிக்க முடியாது. அதனால் வெட்சூட் என்கிற ரப்பர் உடுப்பு கட்டாயம். இரண்டு வாரம் அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். உடம்புக்கு ஐந்து மில்லிமீட்டர் தடிமன், கைக்கு நாலு — தோள் வளைய வேண்டுமே. ஜிப் முதுகில் வேண்டாம், அந்த வழியாகத் தண்ணீர் நுழையும், நெஞ்சில் இருக்கட்டும். நெஞ்சுப் பகுதி மேலே துணி ஒட்டாத வழவழப்பு ரப்பராக இருந்தால் நல்லது. பட்டம் விடுகிறவர்கள் பாதி நேரம் ஈரத்தோடு காற்றில் நிற்கிறவர்கள். துணி என்றால் ஈரத்தைப் பிடித்து வைத்துக் காற்றில் நம்மை நடுங்க வைக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் என்னிடம் இல்லை. என் அளவு.

நம்மில் எத்தனை பெண்களுக்கு நம் அளவு தெரியும்? பழைய ப்ளவுஸ் ஒன்றைத் தையல்காரரிடம் நீட்டுவோம். “இதே மாதிரி, கை மட்டும் கொஞ்சம் இறக்கி...” முடிந்தது. இங்கேயோ கழுத்து, நெஞ்சு, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று பட்டியலே கேட்டார்கள். கோட்டாறில் எனக்குத் தைக்கிற ராணி அக்காவிடம் போனேன்.

“என்ன மக்களே, கல்யாணமா ஆருக்கும்?”

“இல்லக்கா. கடல்ல இறங்கதுக்கு ஒரு உடுப்பு.”

“கடல்லயா? அதுக்கு நைட்டி போராதா?”

கேட்டுக்கொண்டே டேப்பைச் சுற்றினார். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணவருக்கு அனுப்பினேன். அவர் கற்றுக்கொண்ட பயிற்சிப் பள்ளியிலேயே போன வருடம் மாணவர்கள் போட்ட சூட்டுகளை விற்பார்களாம். சேரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வகுப்புக்கு இரண்டு வாரம் முன்புவரைதான். பன்னிரண்டாம் சைஸில் ஒன்றை எடுத்து, லீவுக்கு ஊருக்கு வந்த களியக்காவிளைக்காரர் ஒருவரின் பெட்டியில் கொடுத்து விட்டார். அவர் திரும்பிப் போவது திங்கட்கிழமை. மாற்றுவதென்றால் அதற்குள் அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“ஆரோ போட்டதையா போடப்போற?” என்று கேட்ட மாமியார், அதை இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்ட பிறகுதான் என்னைத் தொட விட்டார். கொடியில் அது தலையில்லாத ஆளைப்போலத் தொங்கியது.

போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஜவுளிக்கடைக் கவரைக் காலில் மாட்டிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு நுழையும். நகத்தால் இழுத்தால் ரப்பர் கிழியும். விரல் சதையால்தான் இழுக்க வேண்டும். மூச்சு முட்டும், அரைமணி நேரம் ஆகும் என்றெல்லாம் படித்திருந்தேன். எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. குனிந்தேன், நிமிர்ந்தேன், உட்கார்ந்தேன். எவ்வளவு சௌகரியம்.

அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நான் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

சரி, தொட்டிக்கு வருவோம். ஜெனியைக் கைக்குழந்தையாகக் குளிப்பாட்டிய நாளில் வாங்கிய வாத்து தெர்மாமீட்டர் தண்ணீரில் மிதந்தது. பதினாலு டிகிரி, அந்தக் கடலின் அதே குளிர். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்சூட்டின் வித்தை எளிமையானது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் போகும். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகும். வெளியே போகாமல் அங்கேயே நின்று நம்மைக் காப்பாற்றும். முதல் நிமிடம் சில்லென்றது. மூன்றாவது நிமிடம் நெஞ்சு சூடானது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, பட்டத்தை இழுப்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கினேன்.

முதுகுத்தண்டில் ஐஸ் தண்ணீர் ஓடியது.

கையை இறக்கினேன், நின்றது. தூக்கினேன், ஓடியது.

“இன்னும் நேரம் ஆவல. எந்திக்காண்டாம்” என்றாள் ஜெனி, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமியார் குடையைச் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்தார். என் இடுப்புக்குப் பின்னால் ரப்பரைப் பிடித்தார். ஒரு பிடி அவர் கையோடு வந்தது. “இதென்ன, பையி மாரி தொங்குது. இதுக்குள்ள வெள்ளம் ஓடாம என்ன செய்யும்?”

“லூசா இருக்கு மாமி.”

“அப்போ விடு. தணுப்பு பிடிச்சிரப் போவுது, எந்திச்சு வா. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். அவன்ட்ட நான் சொல்லுதேன்.”

உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நிமிடம் எனக்குள் வந்தது ஏமாற்றம் இல்லை. நிம்மதி. சூட் சேரவில்லை — எவ்வளவு கௌரவமான காரணம். பயந்து பின்வாங்கினாள் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஜெனிக்குத் தலை பின்னிவிட யார் என்று மூன்று மாதமாக நீந்திக்கொண்டே நினைத்தவள் நான். இனி நினைக்க வேண்டாம். துடைத்துக்கொண்டு கீழே போய் மதியத்துக்கு உலை வைக்கலாம்.

ஜெனி செல்போனை இறக்கினாள். “அப்போ அயர்லாந்துலயும் நீதான் செருப்பு பாப்பியாம்மா?”

மறுபடியும் அதே குரல். தகவல் கேட்கிற குரல்.

எழுந்தேன். “மாமி, சாப்பாட்ட நீங்க பாத்துக்கிடுங்க. நான் கோட்டாறு போய்ட்டு வாறேன்.”

“இந்தக் கோலத்துலயா?”

உடை மாற்றிக்கொண்டுதான் போனேன். ராணி அக்கா ஈரச் சூட்டை உள்ளும் புறமுமாகப் புரட்டிப் பார்த்தார். “ஆரு தச்சதோ, ஊசி போன பாடே தெரியல” என்று முதலில் பாராட்டினார். அளவு பெரிதாகிவிட்டது என்றதும் முகம் மாறிவிட்டது.

“எனக்க அளவா? இருவது வருசமா தைக்கேன். ஒருத்தி வந்து அப்பிடிச் சொன்னதில்ல, கேட்டியா.” டேப்பை என் இடுப்பில் சுற்றினார். அப்போதுதான் கவனித்தேன். டேப்புக்கும் எனக்கும் நடுவில் அவருடைய இரண்டு விரல்கள்.

“அக்கா, விரல எடுங்க.”

“விரல எடுத்தா நீ மூச்சு விட எங்க போவ?”

“மூச்செல்லாம் விட்டுக்கிடுவேன். எடுங்க.”

“சோறு தின்னா வயிறு எங்க போவும்?”

“அக்கா...”

எடுத்தார். டேப் தோலோடு ஒட்டி உட்கார்ந்தது. எண் குறைந்தது. நோட்டில் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றரை இஞ்சு. அக்காவின் இரண்டு விரல் கனம். குற்றவாளியைப் பிடித்துவிட்ட திருப்தியோடு, கணவருக்கு அனுப்பிய பழைய மெசேஜைத் திறந்தேன். அதில் வித்தியாசம் இரண்டரை இஞ்சு.

மிச்ச ஒரு இஞ்சு எங்கிருந்து வந்தது?

நான் சேர்த்தது. அனுப்பும்போது ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் கூட்டியிருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று. யோசித்துச் செய்ததுகூட இல்லை, கை தானாகச் செய்தது. ஜெனியின் யூனிஃபார்மை இரண்டு வருடத்துக்கு வரும்படி எடுக்கிற கை. ப்ளவுஸில் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்கிற கை. குண்டானால் பிரித்துக்கொள்ளலாம், வளர்ந்தால் இறக்கிக்கொள்ளலாம்... நம் உடுப்புகள் எல்லாம் நாளைக்கு வரப்போகிற ஆளுக்காகத் தைக்கப்படுகின்றன. இன்றைக்கு இருக்கிறவள் அதற்குள் தொளதொளவென்று நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

இந்த ரப்பர் உடுப்புக்கு நாளை என்பதே தெரியாது. இன்றைய உடம்பை ஒட்டி நிற்கும், இல்லாவிட்டால் குளிரை உள்ளே விடும். எதற்கும் இருக்கட்டும் என்று நான் விட்டுவைத்த ஒரு இஞ்சு வழியாகத்தான் அன்று மாடியில் நான் தப்பிக்கவும் பார்த்தேன். இந்தத் தடவை குறைத்துச் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. புது எண்களை அங்கேயே நின்று அப்படியே அனுப்பினேன். விரல் இரண்டாவது தடவை சரிபார்க்கப் போனது. விடவில்லை.

அடுத்த ஐந்தாவது நிமிடம் கணவர் அழைத்தார்.

“இந்த அளவுக்குப் பத்தாம் சைஸ் வருது. போடும்போது மூச்சு முட்டும், பாத்துக்கோ.”

“முட்டட்டும்.”

“கால் அளவும் அனுப்பு. பூட்ஸ் வேணும்லா.”

குளிர்த் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கக் கூடாதாம். அதே ரப்பரில் காலுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை செய்தித்தாள்மேல் நின்றேன். ஜெனி பென்சிலால் என் காலைச் சுற்றி வரைந்தாள். பென்சில் தோலோடு ஒட்டியே போனது. கூசியது, ஆனாலும் அசையவில்லை.

“அப்போ உன் செருப்பு உன்கூடயே கடலுக்குள்ள வந்திரும்” என்றாள் ஜெனி.

பக்கத்தில் மாமியார் சூட்டை மடித்து, நடுவில் மகனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வைத்து, களியக்காவிளைக்காரரிடம் கொடுப்பதற்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அது சரி. எல்லாரும் வெள்ளத்துல இறங்கினா மத்த செருப்பு, பையி எல்லாம் ஆரு பாக்கது?”

“கார்ல வச்சுப் பூட்டிட்டு இறங்குவோம் மாமி.”

மாமியாரின் கை நின்றது. என் பக்கம் திரும்பினார்.

“ஏன் மக்களே, சொத்தவிளைக்கும் நாம கார்லதானே போனோம்?”

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற எனக்கு, இத்தனை வருடத்தில் அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.