ஒழுகிய பெட்ரோலும் செக்கர் அண்ணனும்

சரோஜா அக்கா தொலைபேசியில், "உங்க அண்ணன் போயிட்டாரு சார்" என்றதும், "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அவர் சாவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எமனே வந்து நின்றாலும், "ஆர்டர் எங்க? யாரு கையெழுத்து?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். நெஞ்சு வலி என்று கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். காலையில் டீயைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அழுகையும் வந்தது, பழைய கோபமும் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? என்னை நாலு பேர் முன்னால் திருடன் என்ற மனிதருக்குத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

திரு. தணிகாசலம் அரசுப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் செக்கர், எனக்கு அண்ணன். அவரைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாள் அவர் ஏறிய வண்டியில் சரோஜா அக்கா உட்கார்ந்திருந்தார். எல்லாரிடமும் கேட்டதுபோல அக்காவிடமும் டிக்கெட் கேட்டார் அண்ணன். அக்கா காட்டினார். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாராம். "பொண்டாட்டின்னா டிக்கெட் வாணாம்னு எந்த ரூல்ல போட்டுருக்குது?" என்பார். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று அண்ணன் அதற்கும் ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

அவர் ஓய்வு பெற்றிருந்த சமயம், நான் கச்சிராயபாளையத்தில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். அவர் வீட்டை ஒட்டிய பகுதியில் வாடகைக்குக் குடியிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் இந்தப் பக்கம் என் மொபெட் நிற்கும், அந்தப் பக்கம் அவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கும். வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. ஊரில் சீமை வண்டி என்பார்கள். மாமனார் கொடுத்தது. "இன்னா காரணத்துக்காகக் குடுத்தாருன்னு இன்னிய வரைக்கும் தெரியல" என்று அண்ணன் அதையும் சந்தேகத்தோடுதான் துடைப்பார். ஆனால் தினமும் துடைப்பார்.

அந்த வண்டியின் டேங்குக்கு அடியில் இரண்டு பெட்ரோல் டேப். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது ரிசர்வுக்கு. இரண்டுக்குள்ளும் விரல்நுனி அளவில் ஒரு தக்கை இருக்கும். அந்தத் தக்கைதான் பெட்ரோலை நிறுத்திப் பிடிக்க வேண்டும்.

பெட்ரோல் குறைகிறது என்று முதலில் அக்காவிடம்தான் சொல்லியிருக்கிறார். பிறகு சந்தில் நின்று மோந்து பார்த்தார். "வாசனை வருது பாரு. எறக்கும்போது சிந்திக்கினு போயிருக்கான்" என்றார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் டேங்கில் இருப்பதையெல்லாம் கேனில் இறக்கி வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவார். "அடுப்பு எரியற வூட்ல இத்த வெக்கிறியே, உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?" என்று அக்கா கத்துவார். காலையில் மறுபடி ஊற்றுவார். அப்படியும் குறைந்தது. முன்னைவிட அதிகமாகக் குறைந்தது. திருடனுக்குத் துளிர்விட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்து போவதைக் கவனிக்க ஆரம்பித்தார். எனக்கு இது தெரியாது. வெயிலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து வணக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அண்ணன், கூட வேலை பார்த்தவர் வீட்டுக் காதுகுத்துக்கு வெள்ளிமலைக்குப் புறப்பட்டார். மலைப்பாதையில் பாதி ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. ரிசர்வுக்குத் திருப்பினார். அதிலும் சொட்டு இல்லை. பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறினார். அதன் கண்டக்டர் இவரிடம் ஒரு காலத்தில் மாட்டியவர். "வாங்க சார், டிக்கெட் எடுங்க" என்றாராம், பஸ்ஸே கேட்கும்படி. இவர் போய்ச் சேர்ந்தபோது காதுகுத்து முடிந்து, பந்தியும் முடிந்திருந்தது.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் முனுசாமியின் டீக்கடை. நான் கிளாஸும் கையுமாக நிற்கிறேன். அண்ணன் வந்தார். "டிக்கெட் இல்லாதவனக் கண்ணப் பாத்தே புடிச்சவன் நானு. என் பெட்ரோல எடுக்கறவன எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆசிரியர் வேலையில் பெயரைத் தவிர வேறென்ன மிச்சம்? அந்த வாரமே வகுப்பில் கரும்பலகை பக்கம் திரும்பினால் பின்னால் சிரிப்புச் சத்தம். வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று கூட நினைத்தேன். காலி செய்தால், எடுத்தவன் ஓடிவிட்டான் என்பார்கள். என்ன ஆனாலும் சரி என்று சந்துக்குப் போய், அவர் கண்ணெதிரே டேப்புக்கு அடியில் விரலை வைத்து எடுத்தேன். ஈரம். "மோந்து பாருங்க அண்ணே. டேப்தான் ஒழுகுது. என்னை நம்ப வேணாம், நீங்களே கழட்டிப் பாருங்க" என்றேன்.

கழற்றினார். ஒவ்வொரு திருகாணியையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், நான் எடுத்துவிடுவேனாம்! தக்கை இரண்டும் சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிக் கிடந்தன. உள்ளே லொடலொடவென்று ஆடின. "எவனாச்சும் மாத்தி வெச்சிருப்பானோ?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வண்டிக்குச் சாமான் கள்ளக்குறிச்சியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் உடைந்த குடுவைகளோடு ஒதுக்கிப் போட்ட தக்கைகள் இருந்தன. தலைமையாசிரியரிடம் கேட்டே வாங்கி வந்தேன். அண்ணன் அவற்றைக் கையில் உருட்டிப் பார்த்தார். "ஸ்கூல் சாமான் வூட்டுக்கு வருது. பெட்ரோல் மட்டும் இன்னா, வராதா?" என்றார். தக்கையைச் சீவ எடுத்த பிளேடைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். சரோஜா அக்காதான் பின்னாலேயே வந்து, "அந்தாளு வாய்க்குப் பூட்டே கெடையாது சார். எனக்காக வாங்க" என்று கூட்டிப்போனார்.

தக்கைகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து மெதுவாக்கினோம். அவர் பிளேடால் சீவ, நான் காய்ச்சிய சைக்கிள் கம்பியால் நடுவில் துளை போட்டேன். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அளவு பார்த்தோம். அவர் விரல்கள் பெரியவை, ஆனாலும் அவ்வளவு பொறுமை. வலது டேப் முடிந்தது, இடது முடிந்தது. பெட்ரோல் ஊற்றினோம். ஒரு சொட்டு வரவில்லை. "பரவால்லியே வாத்தியாரே" என்றார். அந்த மாலை நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு வாரம் தாங்கவில்லை. மறுபடி ஒழுகியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தக்கை நனைந்தால் ஊறும், காய்ந்தால் சுருங்கும். இந்த மனிதர் தினமும் டேங்கைக் காலி செய்து தக்கையைக் காயவைக்கிறார். திருட்டுப் போகிறது என்று இறக்கிவைக்கிறார், இறக்கிவைப்பதால்தான் ஒழுகுகிறது.

"அண்ணே, தக்கை நனைஞ்சே இருக்கணும். ராத்திரியும் டேங்க்ல பெட்ரோல் கிடக்கணும்" என்றேன்.

"ராத்திரியா?"

"ஆமா."

"சந்துலயா? உங்க வூட்டு ஜன்னலுக்குக் கீழ?"

"ஆமா அண்ணே."

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். பிறகு, "பீரோவத் தொறந்தே வெச்சாத்தான் பூட்டு துருப்புடிக்காதுன்னு திருடனே வந்து சொல்ற மாதிரி இருக்குதே வாத்தியாரே" என்றார். ஆனாலும் அன்று இறக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். விடிந்ததும் குச்சியை விட்டு அளந்தார். துளி குறையவில்லை. என் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "இன்னிக்கு எடுக்கல."

அதற்குப் பிறகு ஒழுகவே இல்லை. கொஞ்ச நாளில் அளப்பதையும் விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டார், என் மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒன்று தீரவில்லை. "டீக்கடைல வெச்சுச் சொன்னீங்க. அதே இடத்துல வெச்சு இல்லேன்னு சொல்லுங்க அண்ணே" என்று ஒருமுறை கேட்டேன். "ஆவட்டும் பாக்கலாம்" என்றார். நான் பணி ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சிக்குக் குடிபோகும் வரை என் காதுபட அவர் சொல்லவே இல்லை. அந்தக் கடையில் யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் சந்தேகம்தான்.

அண்ணனைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது முனுசாமி கடையில் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. "கடைசி வரைக்கும் அந்தப் பேச்சை வாபஸ் வாங்காமலே போயிட்டாரே" என்று சொல்லிவிட்டேன். முனுசாமி கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினார்.

"இன்னா சார் சொல்றீங்க? அப்பவே சொல்லிட்டாரே! நீங்க பள்ளிக்கூடத்துல இருந்தீங்க. இதோ, இங்கதான் நின்னாரு. 'வாத்தியாரு எடுக்கல, தக்கைதான் ஒழுகிச்சு, நான் சொன்னது தப்பு'ன்னாரு. கட நெறய ஆளு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன் சார். 'சொன்னா அந்தாளு நம்பமாட்டாரு. இவன் எத்துக்கோ கொழயறான்னு நெனப்பாரு'ன்னாரு."

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இட்டுக்கட்டுவது நம் ஜனங்களின் வழக்கம். முனுசாமி இளகிய மனசுக்காரர். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பக்கத்துப் பெஞ்சில் அந்தக் காலத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். தனித்தனியே அழைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். எழுந்தேன்.

பிறகு உட்கார்ந்துவிட்டேன். முனுசாமியிடம் இன்னொரு டீ சொன்னேன்.

அண்ணே, நான் யாரையும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னீர்கள் என்றே வைத்துக்கொண்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.